நாற்பதாவது கை

எங்கள் பிரிவில் அவரைச் சமாதானம் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி விற்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவு எங்களுடையது. வாங்கிய பொருள் பழுதானவர்கள் எல்லோரும் எங்களுக்குத்தான் போன் செய்வார்கள். நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்குவோம். ரொம்பவும் கொதிக்கிற ஆள் வந்துவிட்டால் அந்த அழைப்பை அவர் பக்கம் தள்ளிவிடுவோம். வாஷிங் மெஷினை மாடியிலிருந்து தெருவில் தூக்கிப் போடப் போகிறேன் என்று கத்திக்கொண்டு வந்த ஒருவர், கால் மணி நேரத்தில் அவரிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். அவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முழுக்கக் கேட்பார். எதிராளி மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, "உங்க வருத்தம் எனக்கு நல்லாவே புரியுதும்மா" என்பார். ஆணாக இருந்தால் "புரியுதுங்க". அவ்வளவுதான். அதே வாக்கியத்தை நாங்கள் சொன்னால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாகும்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒன்பது வருடம் இருந்தவள். அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் சொல்லப்போகிற விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

அவர் வீட்டைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். தெருவைப் பார்த்த முன்னறையில் அண்ணி பியூட்டி பார்லர் வைத்திருந்தார். பெரிய கடை ஒன்றும் இல்லை. சுவரில் ஆளுயரக் கண்ணாடி, பின்னால் சாய்கிற நாற்காலி ஒன்று, முகத்துக்கு ஆவி பிடிக்கிற இயந்திரம், ஒரு திரைச்சீலை. வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று ஒரு சின்னப் பலகை. கல்யாணமான இரண்டாம் வருடம் ஆரம்பித்தது, பதினேழு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பார்லருக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள், வேலை நேரத்தில் அரை மணி அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் என்று எப்போதும் ஆள் இருக்கும். வருகிற நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள். அதற்குப் பிறகு அவரவர் வீட்டில் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

அதனால் அண்ணன் வீட்டில் பகலில் இருப்பதே கிடையாது. லீவு நாளில்கூட ஏதாவது சாக்குச் சொல்லி ஆபீஸ் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, மேஜையைத் துடைத்து, ஹெட்செட்டின் காதுப் பஞ்சை மாற்றி, தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துக்கொண்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருப்பார். "இந்த அஞ்சு நிமிஷம் என்னோடது தங்கச்சி" என்பார். ஓவர்டைம் என்றால் முதல் ஆள். பிள்ளை குட்டி இல்லை, வீட்டில் என்ன வேலை என்று இளவட்டங்கள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. பிரிவு மேலாளர் எங்களை எல்லாம் கூட்டினார். என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர், யாரையும் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. மூன்று வழி இருக்கிறது என்றார். எப்போதும் போல ஆபீஸ். அல்லது பாதி நாள் வீடு, பாதி நாள் ஆபீஸ். அல்லது முழுக்க வீட்டிலிருந்தே வேலை. மேலிடம் முடிவை எங்களிடமே விட்டிருக்கிறது, பேச நினைக்கிறவர்கள் பேசலாம், கடைசியில் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்ளலாம் என்றார்.

அதற்கு முந்தின நாள் மத்தியானமே அண்ணன் போன் அழைப்புகளைக் குறிக்கிற ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தேன். என்னண்ணே என்று கேட்டதற்கு, "பேசலாம்னு இருக்கேன். பேசிப் பழக்கமில்ல, அதான் எழுதி வெச்சுக்கறேன்" என்றார். பதினேழு வருடமாகப் பேசியே பிழைத்தவர் சொன்ன பேச்சு அது. நானும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். என்ன பேசப்போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு என் கவலை.

கூட்டத்தில் முதலில் எழுந்தவள் நான்.

என் வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போக இரண்டேகால் மணி நேரம், வர இரண்டேகால் மணி நேரம். இரண்டு பஸ், ஒரு ரயில். மகன் எழுவதற்கு முன் கிளம்புவேன், தூங்கின பிறகு வந்து சேருவேன். பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் சொன்னேன். பிறகு சொல்ல நினைக்காத ஒன்றும் வாயில் வந்துவிட்டது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான். ரத்தத்தைப் பார்த்து நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். அவன் அழுதுகொண்டே எழுந்து, என்னைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனான். "நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன் சார்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் எழுந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பாட்டைச் சொன்னார்கள். ஒருவருக்குப் படுக்கையில் அப்பா. இன்னொருத்திக்கு ரயில் நெரிசலில் தினமும் எவனாவது ஒருவனின் கை. எல்லாம் உண்மை. ஒன்றும் ஜோடனை இல்லை. அண்ணன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்ய யார் யாருக்கு விருப்பம் என்று மேலாளர் கேட்டார். கைகள் எழுந்தன. அவர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்து முப்பத்தொன்பது என்று நிறுத்தினார். "சமாதானம் சார், நீங்க?" என்று சிரித்தபடி கேட்டார். வற்புறுத்தவில்லை, சும்மாதான் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கினார். யாரோ கை தட்ட ஆரம்பித்து எல்லோரும் தட்டினோம். ஒருமனதான முடிவு என்று மேலாளர் குறித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போனவர் அண்ணியிடம், கம்பெனியில் முடிவு எடுத்துவிட்டார்கள், இனி வீட்டிலிருந்துதான் வேலை என்று சொன்னாராம். கை தூக்கியதைச் சொல்லவில்லை. அண்ணி, சரி, பெட்ரூமில் மேஜை போட்டுக்கொள்ளுங்கள், சமாளித்துக்கொள்ளலாம் என்றாராம்.

சமாளிப்பதற்கு அந்த வீடு இடம் கொடுக்கவில்லை. முன்னறைக்கு வலப்பக்கம் பெட்ரூம். இடப்பக்கம் சமையலறை, அதற்குப் பின்னால் பாத்ரூம். பெட்ரூமிலிருந்து பாத்ரூமுக்குப் போக வேண்டுமானால் முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே யாராவது தோள் வரை துணியை இறக்கிவிட்டு, முகத்தில் பூச்சோடு படுத்திருப்பார்கள். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர் உள்ளேயிருந்து கதவை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அண்ணி வந்திருக்கிறவர் மேல் பெரிய துண்டைப் போர்த்திவிட்டு, "ம்" என்பார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று தாண்டிப் போவார். திரும்பி வரும்போதும் இதே கதை. இரண்டு வாரத்தில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். காலையில் அரை டம்ளர், அப்புறம் ஐந்து மணிக்குத்தான். மூன்றாம் மாதம் நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனபோது, நாள் முழுக்க வெயிலில் வேலை செய்கிறீர்களா என்று அவர் கேட்டாராம்.

கம்பெனிக்கும் சில விதிகள் இருந்தன. வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால், கதவு சாத்தக்கூடிய ஓர் அறையைப் படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த அறையில்தான் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு முறை, எப்போது என்று சொல்லாமல், கேமரா தானாகத் திறந்து பார்க்கும். பேச்சுக்குப் பின்னால் வேறு சத்தம் கேட்டால் மதிப்பெண் குறையும். அண்ணன் பக்கத்தில் முடி உலர்த்துகிற இயந்திரத்தின் சத்தம் ஓயாது. பெண்கள் சேர்ந்தால் சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அவர் மாத மதிப்பெண் பிரிவின் சராசரிக்குக் கீழே போனது. அழைப்புக்கு இடையில் போன் செய்து என்னிடம் அதைச் சொன்னார். குற்றம் சொல்லவில்லை. என் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டு வைத்தார்.

மகன் நன்றாக இருந்தான். காலையில் நான் எழுப்பினால்தான் எழுவேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்திருந்தான். அதை அவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

அண்ணி தன் பங்குக்கு என்னென்னவோ செய்து பார்த்தார். ஐந்து மணிக்கு மேல் வரச் சொன்னார், யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைத்துக்கொண்டார், ஒரே நாளில் பதினைந்து பேர் வந்து வாசலில் நின்று, பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். அண்ணனும் இடம் தேடினார். நூலகத்தில் வாயைத் திறக்கக் கூடாது. நண்பர் ஒருவரின் கடைப் பின்புறம் பதிவு செய்த அறை இல்லை. மொட்டை மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தார். அன்று பார்த்துக் கேமரா திறந்து, மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மறுபடி பெட்ரூமுக்கே வந்து சேர்ந்தார்.

ஆறாம் மாதத்தில் நடந்ததுதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது.

தபால் ஆபீஸில் வேலை பார்க்கிற ஓர் அம்மா, அண்ணியிடம் பத்து வருடத்துக்கு மேலாக வருகிறவர், தலைக்குச் சாயம் போட வந்திருந்தார்; உள்ளே அண்ணன் இருப்பது அவர் ஞாபகத்தில் இல்லை. பாதித் தலைக்குப் போட்டாயிற்று. கல்யாணமாகிப் போன மகள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள், காரணத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறாள், உடம்பில் காயம் இருக்கிறது என்று அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். வீட்டில்கூட அவர் இதைச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி, தன்னிடமே சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்து, மூக்கைத் துடைக்க ஒரு கணம் நிறுத்தினார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், நிதானமாக, அன்பாக, "உங்க வருத்தம் எனக்கு நல்லாவே புரியுதும்மா" என்றது.

ஃபிரிட்ஜ் கெட்டு மருந்தெல்லாம் வீணாகிப் போன ஒரு பெண்ணிடம் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். முன்னறையில் என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மா அதிர்ந்து எழுந்துவிட்டார். அண்ணி விளக்கிச் சொன்னார், அவர் போனில் பேசுகிறார், இங்கே பேசியது எதுவும் அவர் காதில் விழாது என்று. கதவைத் திறந்தே காட்டினாராம். ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணன் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்து, பேச்சை நிறுத்த முடியாமல், கையைக் கூப்பினாராம். அந்த அம்மா பாதிச் சாயத்தோடு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்க மாட்டார் என்று அண்ணி சொன்னார். அப்படிப்பட்டவர் இல்லையாம். ஆனால் பாதிச் சாயம் போட்ட தலையோடு தெருவில் போனால் நாலு பேர் கேட்பார்கள், ஏதாவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். அண்ணியின் வீட்டுக்காரர் பகலெல்லாம் பேச்சுக் கேட்கிற தூரத்தில், கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருப்பார். அது போதும். வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் பேசாமல் புருவத்தைத் திருத்திக்கொண்டு போனார்கள். பார்லருக்கு யாரும் புருவத்துக்காக மட்டும் வருவதில்லை.

அண்ணன் மேலாளரைப் பார்க்கப் போனார். ஆபீஸ் என்று தனியாக இப்போது இல்லை. தலைமை அலுவலகத்தில் ஒரு மேஜை மேலாளருக்கு இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு மூலை, மாடிப்படிக்கு அடியிலாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். வீட்டு நிலைமையையும் சொன்னார். மேலாளர் பதறிப்போனார். கை தூக்கிய அன்று மேலிடத்துக்கு அனுப்பிய படிவத்தை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கட்டம் இருந்தது: வீட்டில் வேலை செய்ய வசதியில்லாத பணியாளர்கள் எத்தனை பேர். அதற்கு நேராக அவர் கையால் பூஜ்யம் என்று போட்டிருந்தார்.

"ஒருத்தர் இருந்தாக்கூட ஒரு சின்ன ரூம் வெச்சிருப்பாங்க சார்" என்றார் மேலாளர். "விதி அப்படித்தான் இருந்துச்சு. நீங்க கை தூக்கினீங்களேன்னு நான்..."

"தூக்கினேன்" என்றார் அண்ணன்.

"ஏன் சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

எங்கள் பழைய மாடியில் இப்போது கண் மருத்துவமனை வந்துவிட்டது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். மேலாளர் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தார். ஏகமனதான முடிவுக்குப் பின் மாற்றம் செய்ய இயலாது, அடுத்த ஆய்வில் கருத்தைத் தெரிவிக்கலாம் என்று பதில் வந்தது.

அடுத்த ஆய்வும் வந்தது. வருடம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புகிற கேள்வித்தாள். வீட்டிலிருந்து வேலை செய்வதில் உங்கள் மனநிலை என்ன, ஐந்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தார்கள். நான் ஐந்து போட்டேன். யோசிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன், யோசித்துத்தான் போட்டேன். அண்ணன் ஒன்று போட்டு, கீழே இருந்த காலி இடத்தில் இரண்டு பக்கம் எழுதினாராம். பொத்தானை அழுத்தியதும், உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று திரையில் வந்தது. ஒரு மாதம் கழித்து எல்லோருக்கும் அறிக்கை அனுப்பினார்கள். தொண்ணூற்று ஏழரை சதவீதம் பேர் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அன்று அவரே போன் செய்தார். "மிச்சம் ரெண்டரை சதவீதம் யாருன்னு தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடம் அவர் பக்கத்தில் இருந்து கேட்ட வாக்கியம்தான் வாயில் வந்தது. சொல்லவில்லை, விழுங்கிக்கொண்டேன்.

வேறு வேலைக்கும் பார்த்தார். ஐம்பத்து நாலு வயதுக்காரருக்கு யார் நாற்காலி போடுவார்கள். விட்டுவிடலாம் என்றால், அண்ணியின் பார்லரும் படுத்துவிட்ட நேரம் அது.

முடிவில் அண்ணிதான் வெளியே போனார். நகரத்தின் மறு கோடியில் மால் ஒன்றில் பெரிய பார்லர், ஆட்கள் தேவை என்று விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தார். பதினேழு வருடம் சொந்தமாக நடத்தியவருக்கு அங்கே சேர்வதற்கு முன் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கறுப்புச் சீருடை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. வாடிக்கையாளர் முன் ஊழியர்கள் உட்காரக் கூடாது. தேவையில்லாமல் பேசவும் கூடாது. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப எட்டாகும்.

சாய்கிற நாற்காலியை ஒரு சலூன்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனார். அதை வண்டியில் ஏற்றிய அன்று மாலைதான் அண்ணன் உண்மையைச் சொன்னார். கம்பெனி முடிவு எடுக்கவில்லை, கை தூக்கச் சொன்னார்கள், நானும் தூக்கினேன் என்றார். நான் பேசியதையும், என் மகன் என்னைத் தாண்டி ஓடியதையும், பையில் மடித்து வைத்த தாளையும் சொன்னார். அண்ணி காலி இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம். மூலை வரை பெருக்கி முடித்தாராம். அவர் திட்டுவார், அழுவார், எதையாவது எடுத்து வீசுவார் என்று அண்ணன் காத்திருந்தாராம்.

"அந்தப் பிள்ளை இப்ப அம்மாகிட்ட வர்றானா?" என்று மட்டும் கேட்டாராம்.

வருகிறான் என்றிருக்கிறார் அண்ணன். சரி என்று சொல்லிவிட்டு அண்ணி குப்பையை அள்ளப் போய்விட்டார். இதை என்னிடம் சொன்னபோது அண்ணன், "திட்டியிருந்தா ஒரு மாதிரி இருந்திருக்கும் தங்கச்சி. கோபப்படறவங்ககிட்டத்தான் எனக்குப் பேசத் தெரியும்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, அதே இரண்டு பஸ், அதே ரயில் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். செவ்வாய் அண்ணிக்கு வார விடுமுறை. பார்லர் பலகை இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. அண்ணனின் மேஜை இப்போது முன்னறையில் இருந்தது. பெட்ரூமில் காற்று இல்லை என்று மாற்றிக்கொண்டு, மறுபடி படம் எடுத்துப் பதிவு செய்திருந்தார். கண்ணாடியைக் கழற்ற முடியவில்லையாம், சுவரே பெயர்ந்து வருமாம். கேமரா முதல் தடவை திறந்தபோது அறையில் இன்னொரு நபர் இருக்கிறார் என்று எச்சரிக்கை வந்துவிட்டது. கண்ணாடியில் தெரிந்த அவருடைய முதுகுதான் அந்த நபர். அதன் மேல் ஒரு பழைய போர்வையைக் கட்டி மறைத்திருந்தார்கள்.

அண்ணன் ஓர் அழைப்பில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உட்கார் என்று சைகை காட்டினார். அண்ணி உதட்டில் விரலை வைத்தபடி என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு ஸ்டூல் போட்டிருந்தது. கால் வீங்கியிருந்தது அவருக்கு. வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு, காபியை என்னையே கலக்கச் சொன்னார். எல்லாம் கிசுகிசுப்பாகத்தான். டம்ளர் மேடையில் பட்டு ஓசை வந்தபோது எனக்கே திக்கென்றது.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணி என்றேன்.

"ஏன், பொய்யா பேசினே?"

"இல்ல அண்ணி."

"அப்புறம் என்ன. உன் வீட்டுக் கஷ்டத்தை நீ சொன்னே. இவர் வீட்டுக் கஷ்டத்தை இவர்தான் சொல்லணும். சொல்லல." வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீரை ஊற்றிக்கொண்டார். "சொல்லியிருந்தா இவர் இவரா இருக்க மாட்டாரு. அதுக்கு நான் என்ன பண்றது, நீ என்ன பண்றது."

உங்க பார்லர் வீட்டில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும் அண்ணி, அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை என்றேன். அண்ணி என் முகத்தை நிமிர்த்தி வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். புருவம் காடாகக் கிடக்கிறதே என்று சொல்லி, அலமாரி மேலிருந்து நூலை எடுத்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். வலியில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லதாகப் போயிற்று, வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அண்ணி சொன்னார், "ரிட்டயர் ஆனா மட்டும் எங்க போகப் போறாரு? எப்படியும் ஒரு நாள் இந்த வீட்டுக்குள்ள வந்து உட்காரத்தானே போறாரு. அஞ்சு வருஷம் முன்னாடியே வந்துட்டாருன்னு நெனச்சுக்கறேன்."

முன்னறையில் அண்ணன் யாரிடமோ, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஒழுகுகிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணி வரை அவருக்கு இடைவேளை வரவில்லை. வந்தபோது பத்து நிமிடம்தான். எனக்கு எதிரில் நின்றபடியே காபியைக் குடித்தார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா, படிக்கிறானா என்று விசாரித்தார். படிக்கிறான், என்னிடம்தான் வீட்டுப்பாடம் செய்கிறான் என்றேன். நல்லது, நல்லது என்றார். பேச எவ்வளவோ இருந்தது. மணியைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளப் போனார்.

நாளைக்கே மறுபடி கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று ரயிலில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். தூக்குவேன். இதை எழுதுகிற இன்றைக்கும் அதுதான் பதில். அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் சொச்சம் இருக்கிறது. போன வாரம் பேசினபோது, அண்ணியின் கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், காலையில் அவரால் குனிந்து போட முடியவில்லை, நான்தான் போட்டுவிட்டு அனுப்புகிறேன் என்றார். அப்புறம் அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.